என் பெயர் போட்ட அவருடைய கார்ட்

என் முன்னாள் கணவருக்கு வாசிக்கிற பழக்கம் கிடையாது. டென்மார்க்கில், எங்கள் ஹேர்னிங் வீட்டில் பஞ்சாங்கத்தையும் மகளின் பள்ளிக்கூடப் புத்தகங்களையும் தவிர அச்சடித்த எதுவும் இருந்ததில்லை. ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து பாயாசக் கிண்ணங்கள் மேசையில் இருக்கும்போதே மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒரு வாசிப்பு வாசிப்பார் பாருங்கள், கோயிலில் புராணம் படிக்கிறவர்கூட அவ்வளவு நிறுத்தி நிதானமாகப் படிக்கமாட்டார். அவர் வாசித்தது கிரெடிட் கார்டுக் கணக்கு. அந்த மாதம் நான் எந்தெந்தக் கடையில் கார்டை நீட்டினேன் என்பதை, சாப்பிட வந்த ஆட்களை வைத்துக்கொண்டு வாசிப்பார். நான் மேசைக்கு எதிர்ப்பக்கம் நிற்கவேண்டும். கதிரையில் இருந்தபடி பதில் சொல்ல அனுமதி இல்லை.

கார்டில் என் பெயர்தான் பொறித்திருந்தது. ஆனால் கார்ட் அவருடையது. வங்கியில் கணக்கு அவருடைய பெயரில். அதன்மேல் மனைவிக்கென்று ஒரு கூடுதல் கார்ட் எடுத்து என் கையில் தந்திருந்தார். முதியோர் இல்லத்தில் நான் செய்த வேலைக்கு வந்த சம்பளமும் அவருடைய கணக்குக்கே போனது. "நீர் உழையும், நான் கணக்குப் பாக்கிறன்" என்று வேலை கிடைத்த கிழமையே சொல்லிவிட்டார். அதை நான் அன்பென்று நினைத்தேன். ஊரிலிருந்து வந்து இறங்கிய புதிதில், குளிருக்குக் கதவைச் சாத்தினாலே அன்பென்று நினைக்கிற நிலையில் இருந்தேன்.

கணக்கில் கடையின் பெயரும் தொகையும் மட்டும்தான் இருக்கும். என்ன வாங்கினோம் என்று இருக்காது. அந்த இடைவெளியில்தான் அவர் விளையாடுவார்.

"மருந்துக்கடை. என்ன வாங்கினனீர்?"

"கிறீம்."

"என்ன கிறீம்?"

"கைக்குப் பூசுறது. வேலையில கழுவிக் கழுவிக் கை வெடிச்சுப்போச்சு."

"காட்டும் பாப்பம்."

நான் கையை நீட்டுவேன். வந்தவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஒருவர் "பாவம்" என்பார், இன்னொருவர் பாயாசத்தை வழித்துக் குடிப்பார். அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, "சொல்லும்" என்பார். நான் சொல்லவேண்டிய வசனம் ஒன்று இருந்தது. "இனி வாங்கமாட்டன்." அதைச் சொன்னால்தான் அடுத்த வரிக்குப் போவார். அரிசிக்கும் மீனுக்கும் அந்த வசனம் தேவையில்லை. எனக்கென்று வாங்கிய எதற்கும் தேவை.

ஒரு தடவை உள்ளுடுப்புக் கடையின் பெயர் வந்தது. அன்றைக்கு அவரோடு வேலை செய்கிற மூன்று நாலு பேர் சாப்பிட வந்திருந்தார்கள், எல்லாரும் ஆம்பிளையள். அவர் கணக்கைக் கீழே வைத்துவிட்டு, "என்ன நிறம்?" என்று கேட்டார். "உம்மைத்தான். என்ன நிறம்?" என்றார் மறுபடியும். கறுப்பு என்றேன். ஒருவருக்குச் சிரிப்பு அடக்கமுடியாமல் பாயாசம் புரைக்கேறியது. எங்கள் மகள் அப்போது சின்னவள், சோபாவில் படம் கீறிக்கொண்டிருந்தாள். கறுப்புப் பென்சிலை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது எனக்கு. சாகவில்லை. கிண்ணங்களைக் கழுவினேன்.

ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள், அதுவும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கேட்கிறார்கள். பிள்ளைக்காக, மானத்துக்காக என்று நான் ஒரு பதில் சொன்னால் உங்களுக்கும் நிம்மதி. உண்மையான பதில் அவருடைய அக்கா, கனடாவில், ரொறன்ரோவில் இருக்கிற என் மச்சாள்.

டென்மார்க்கில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு ஒரு குணம் உண்டு. வங்கி தெருமுனையில் இருக்கும், கொம்யூன என்கிற நகரசபை அலுவலகம் பேருந்துத் தரிப்புக்கு எதிரே இருக்கும். கேள்வி வந்தால் அங்கே போகமாட்டோம். கனடாவுக்குத் தொலைபேசி அடித்துக் கேட்போம். வீடு வாங்குவது, பிள்ளையை என்ன படிப்பிப்பது, வரி எப்படிக் கட்டுவது எல்லாவற்றுக்கும் அங்கேயிருந்துதான் தீர்ப்பு வரும். அங்கே ஆட்கள் கூட, கடை கூட, ஆகவே அறிவும் கூட என்று நம்பினோம். மச்சாள் ரொறன்ரோவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிறவ. போதாதா? எங்கள் குடும்பத்தின் நிதி மந்திரி அவதான்.

அந்தக் கூடுதல் கார்ட் எடுக்கச் சொன்னதும் அவதான். தொலைபேசி மேசையில், ஒலிபெருக்கி போட்டபடி, நான் மரக்கறி வெட்டிக்கொண்டு கேட்டேன்.

"தம்பி, அவளின்ரை பேரில ஒரு கார்ட் எடுத்துக் குடு. உன்ரை கார்டில அவளும் ஒரு ஆளா இருந்தால், பாங்க் கடன் குடுக்கப் பாக்கிற உன்ரை கிரெடிட் புள்ளி அவளுக்கும் ஏறும். நீ ஒழுங்காக் கட்டக் கட்ட அவளுக்கும் பேர் வரும். இஞ்ச பெடியளுக்கெல்லாம் அப்பிடித்தான் செய்யிறம்."

"பிறகு கார்டை வெட்டினால்?" என்று இவர் கேட்டார். முதல் நாளே கேட்டார், பாருங்கள்.

"வெட்டினால் அவளுக்கு என்ன இருக்கு? எல்லாம் உன்ரை பேர்தானே. விழுந்திடும். பிறகு ஒரு பாங்கும் அவளுக்கு வாசல்கதவு திறக்காது."

அவருக்கு அது பால் வார்த்த மாதிரி. அன்று தொடங்கி எனக்கு மேலே ஒரு கத்தி தொங்கியது. சண்டை என்று வந்தால் கை ஓங்கமாட்டார், ஒரு அடி அடித்திருந்தால்கூட மகள் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பாள். சட்டைப் பையிலிருந்து தன் கார்டை எடுத்து மேசையில் தட்டுவார். "இதை நான் வெட்டினால் நீ இந்த நாட்டில ஆளே இல்லை." ஆட்கள் இருந்தால் நீர், இல்லாவிட்டால் நீ. "வீடு எடுக்கேலாது, கார் எடுக்கேலாது, உன்ரை பேர் தரைக்கு வந்திடும். பிறகு நீ பாத்திரம் கழுவுறதுக்கும் என்னட்டைத்தான் வரவேணும்."

நான் நம்பினேன். இதில் வெட்கப்பட எனக்கு நேரமில்லை. அவரும் நம்பித்தான் சொன்னார், மச்சாளும் நம்பித்தான் சொன்னா. நாங்கள் எல்லாரும் டென்மார்க்கில் இருந்துகொண்டு கனடாச் சட்டத்தில் குடும்பம் நடத்தினோம்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தின் பின்பக்கம், சைக்கிள் கொட்டகையைத் தாண்டி, சிவப்புச் செங்கல் மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. இரண்டறை வீடுகள், ஒவ்வொன்றுக்கும் குறுகலாக ஒரு பால்கனி. வயதானவர்களைக் குளிக்க வார்த்துத் தலை துவட்டும்போது குளியலறை யன்னலால் அந்தப் பால்கனிகள் தெரியும். அதில் ஒன்றில் விற்பனைப் பலகை தொங்கும். யாராவது வாங்குவார்கள், பலகை போகும். சில வருஷம் கழித்து இன்னொன்றில் தொங்கும். அப்படி ஒரு வீடு. ஒரு கட்டில், ஒரு கதிரை, கைக்குப் பூசுகிற கிறீம் ஒரு போத்தல், எவனுக்கும் நிறம் சொல்லத் தேவையில்லாத உடுப்பு. பலகை ஒவ்வொரு முறை தொங்கும்போதும் அந்த வீட்டின் விலையை மனதுக்குள் கணக்குப் போடுவேன். அதை வாங்க வங்கி கடன் தரவேண்டும். கடன் தர எனக்குப் பேர் வேண்டும். பேர் அவருடைய சட்டைப் பைக்குள் இருந்தது. பத்துப் பதினோரு வருஷம் அந்த யன்னலால் பார்த்துக்கொண்டு தலை துவட்டினேன்.

இப்படியே செத்திருப்பேன். அந்த ஜக்கெற் இல்லாவிட்டால்.

மார்கழியில் எனக்கு ஒரு குளிர் ஜக்கெற் வாங்கினேன். மலிவு விற்பனைதான். பழையதற்கு ஜிப் பழுதாய்ப் போய், ஊசி குத்திக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன், அதனால் வாங்கினேன். அடுத்த நாள் வேலை முடிந்து வரும்வழியில் சுப்பர்மார்க்கெட்டில் ஒரு வண்டில் சாமான் தள்ளிக்கொண்டு காசாளரிடம் நின்றேன். கார்டை வைத்தேன். இயந்திரம் மறுத்தது. மறுபடி வைத்தேன். மறுபடியும் மறுத்தது. வரிசையில் எனக்குப் பின்னால் கோயிலில் காண்கிற ஒரு பெண் நின்றா. பட்டுச்சேலை விலையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லுகிற ஆள். "ஐயோ, நான் குடுக்கவோ அக்கா?" என்று கேட்டா. வாய்தான் ஐயோ என்றது, கண் தீபாவளி கொண்டாடியது. வேண்டாம் என்றேன். காசாளர் பெண் "பரவாயில்லை, இப்படி நடப்பதுதான்" என்று டெனிஷில் சொல்லிக்கொண்டு, என் பாணையும் மீனையும் யோகட்டையும் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பக்கம் வைத்தாள். அதை நின்று பார்த்தேன். கோயில் பெண்ணும் நின்று பார்த்தா. பின்னேரத்துக்குள் ஹேர்னிங் முழுக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

வெளியே வந்து அவருக்கு அடித்தேன்.

"ஜக்கெற் வாங்கினனி எல்லே?" என்றார். பின்னால் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. "அதுக்குத்தான். உன்ரை கிரெடிட்டை இண்டைக்கு ரெண்டு படி இறக்கி வைச்சிருக்கிறன். ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால அந்த வசனத்தைச் சொல்லு, திரும்பவும் ஏத்திவிடுறன்."

கார் நிறுத்துமிடத்தில் நின்றேன். புது ஜக்கெற் உள்ளே நல்ல சூடு. அதுதான் என்னைக் கெடுத்தது என்று நினைக்கிறேன். குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றிருந்தால் அழுதிருப்பேன், போய்ச் சொல்லியிருப்பேன். சூட்டோடு நின்றதில் எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு ஒரு கேள்வியும் வந்தது. இரண்டு படி இறக்கினார் என்றால், மொத்தம் எத்தனை படி? நான் இப்போது எந்தப் படியில் நிற்கிறேன்? தரையிலிருந்து திரும்ப ஏற எத்தனை வருஷம் பிடிக்கும்? அதை மட்டும் கேட்டுக்கொண்டு வருவோம் என்று அடுத்த கிழமை வேலை உடுப்போடு வங்கிக்குப் போனேன். போய்க் கேட்ட முதல் ஆள் எங்கள் குடும்பத்திலேயே நான்தான்.

எனக்குக் கிடைத்த ஆலோசகர் ஒரு டெனிஷ் பெண். பொன்னிறத் தலைமயிரை ஒரு பென்சிலால் குத்தி முடிந்திருந்தாள். கேள்வியை நான் நாலு நாளாக மனதுக்குள் டெனிஷில் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். "என் கணவரின் கார்டில் நான் கூடுதல் ஆளாக இருக்கிறேன். அவர் அதை வெட்டினால் என் பேர் எவ்வளவு விழும்?"

அவளுக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னேன். கார்டை எடுத்துக் காட்டினேன். என் பெயரை விரலால் தொட்டுக் காட்டினேன். அவள் புருவத்தைச் சுருக்கி, "எங்கிருந்து விழும்?" என்று கேட்டாள்.

நான் மச்சாள் சொன்ன அத்தனையையும் ஒப்புவித்தேன். அவர் கட்டக் கட்ட எனக்கு ஏறுவது, வெட்டினால் விழுவது, வங்கிகள் கதவு திறக்காதது எல்லாம். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு கணினியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்படி ஒன்று இந்த நாட்டில் இல்லை. வேறு சில நாடுகளில் இருக்கிறது. இங்கே புள்ளி போடுகிற பதிவு கிடையாது. கட்டாமல் விட்டவர்களின் பட்டியல் மட்டும்தான் உண்டு. நீங்கள் அதில் இல்லை. இந்தக் கூடுதல் கார்டால் உங்களுக்கு நல்ல பேரும் வரவில்லை, கெட்ட பேரும் வராது. அவர் வெட்டினால் ஒரு பிளாஸ்டிக் துண்டு வெட்டுப்படும், வேறொன்றும் நடக்காது. அவர் கட்டாமல் விட்டாலும், நீங்கள் கையெழுத்து வைத்துப் பொறுப்பேற்காதவரை அது அவருடைய கடன்."

"அப்ப எனக்கு வீடு எடுக்க என்ன வேண்டும்?"

"நிரந்தர வேலை இருக்கிறதா?"

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு டெனிஷில் சொன்னேன். அவள் என் சம்பளச் சீட்டுகளைத் தொலைபேசியில் காட்டச் சொன்னாள். காட்டினேன். சம்பளத்தை உங்கள் பெயரில் ஒரு கணக்குக்கு மாற்றுங்கள், கொஞ்சம் சேருங்கள், வாருங்கள், பேசலாம் என்றாள். "முன்பே வந்து கேட்டிருக்கலாமே?" என்று அன்பாகத்தான் கேட்டாள். அந்த அன்புக்கு ஒரு அறை விடலாம் போல இருந்தது.

வெளியே வந்து காருக்குள் இருந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். சிரிப்பு வந்தது, விசர் பிடித்த சிரிப்பு. என்னைக் கட்டிப் போட்ட கயிறு இந்த நாட்டிலேயே விற்பனைக்கு இல்லை. அந்த வங்கியைத் தாண்டித்தான் நான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, தானாகத் திறக்கும். அட கோதாரி, தானாகத் திறக்கும்!

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்லபடியாக நடந்தது. சம்பளத்தை மாற்றினேன். விட்டுப் போகிறேன் என்று சொன்ன அன்று, அவர் குசினிக் கத்தரிக்கோலை எடுத்து வந்தார். என்னை முன்னால் நிற்க வைத்து, என் பெயர் போட்ட கார்டை மேசையில் வைத்துத் துண்டு துண்டாக வெட்டினார். மெதுவாக, என் முகத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டினார். நான் முடியும்வரை நின்றேன்.

"வெட்டினது போதுமெண்டால் கத்தரிக்கோலைக் கழுவி வையுங்கோ, நாளைக்கு உங்களுக்குக் கோழி வெட்ட வேணுமெல்லே" என்றேன்.

அவர் வாயைப் பிளந்தார். எனக்கு அந்த முகம் இன்றைக்கும் பிடிக்கும். வேறு படமே நான் சுவரில் மாட்டவில்லை என்றால் பாருங்கள்.

அடுத்த வருஷம் அந்தச் செங்கல் கட்டடத்தில் கீழ்மாடி வீடொன்றில் பலகை தொங்கியது. நான் வாங்கினேன். பால்கனிக்குப் பதில் ஒரு சின்ன முற்றம். இப்போது முதியோர் இல்லத்தின் குளியலறை யன்னல் எனக்கு அங்கிருந்து தெரிகிறது.

அவருக்கு என்ன நடந்தது? இரண்டு சம்பளத்தில் ராசா மாதிரிச் செலவழித்துப் பழகியவர், ஒரு சம்பளத்திலும் ராசாவாகவே இருந்தார். விருந்து குறையவில்லை. கார் மாற்றினார். கடைசியில் கட்டமுடியாமல் போய், இந்த நாட்டில் இருக்கிற அந்த ஒரேயொரு பட்டியலில் அவருடைய பெயர் ஏறியது. கார்ட் போனது. தொலைபேசிச் சந்தா எடுக்கப் போன இடத்தில்கூடத் தலையாட்டி அனுப்பினார்களாம். இதை எனக்குச் சொன்னது அந்தக் கோயில் பெண்தான். அன்றைக்கு மட்டும் அவவுக்கு நல்ல தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

போன கோடையில் அவர் என் வீட்டுக்கு வந்தார். சப்பாத்துக் கழற்றுகிற இடத்தில் ஒரு சின்ன வாங்கு போட்டிருக்கிறேன், அதில் இருந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை நான். மச்சாளின் மகனுக்கு ரொறன்ரோவில் கல்யாணம். தாய்மாமன் போகாமல் முடியாது. அங்கே வாடகைக் கார் எடுக்க, ஹோட்டல் எடுக்க ஒரு கிரெடிட் கார்ட் வேண்டும்.

"அக்காவோட கதைச்சனான்" என்றார், சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு. "உம்முடைய கார்டில என்னையும் ஒரு ஆளாப் போட்டால் போதுமாம். உம்முடைய பேர் நல்லா இருக்கிறபடியால் என்ரை பேரும் மெல்ல மெல்ல ஏறுமாம். செலவழிக்கிறதை நான் மாசாமாசம் தந்திடுவன்."

நான் அவரை நன்றாகப் பார்த்தேன். தலை நரைத்து, கழுத்தில் தோல் தொங்கிப் போயிருந்தது. இன்னும் கனடாச் சட்டத்தில்தான் இருந்தார் மனிசன். ஒரே ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். என் கார்டில் தொங்கினாலும் உங்களுக்கு ஒரு இம்மியும் ஏறாது, பட்டியலில் இருந்து பேர் போகவேண்டுமென்றால் கடனைக் கட்டுங்கள் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு ஒருத்தி அதை இலவசமாகச் சொன்னாள்.

"ஓம், ஏறும்" என்றேன். "ஆனா ஒண்டு. இடையில கார்டைத் திருப்பித் தந்தால் விழுந்திடும்."

"தெரியும், தெரியும்" என்றார்.

வங்கியில் அந்தப் பென்சில் குத்திய பெண்ணே இப்போதும் இருக்கிறாள். முன்னாள் கணவருக்குக் கூடுதல் கார்ட் என்றதும், பதினெட்டு வயது தாண்டியவர் யாருக்கும் கொடுக்கலாம், ஆனால் அவர் செலவழிப்பதற்கெல்லாம் நீங்கள்தான் பொறுப்பு, அவருக்கு இதனால் எந்தப் பேரும் வராது, யோசித்தீர்களா என்று கேட்டாள். யோசித்தேன் என்றேன். "நீங்கள் பெரிய மனசுக்காரி" என்றாள். எங்கள் ஆட்களும் அதைத்தான் சொன்னார்கள். என்ன இருந்தாலும் பெண் பெண்தான், மன்னித்துவிட்டாள் என்றார்கள். நான் எதையும் மறுக்கவில்லை. கார்டுக்கு ஓர் உச்சவரம்பு வைத்தேன். அவர் எங்கே அதை வைத்தாலும் என் தொலைபேசியில் உடனே தெரியும்படி செய்தேன்.

கல்யாணம் ஒரு சனிக்கிழமை. அடுத்த நாள் ஞாயிறு, இங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், அங்கே காலை. ஓல்போர்க் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற மகள் லீவுக்கு வந்திருந்தாள். பாயாசம் வைத்திருந்தேன். கிண்ணங்கள் மேசையில் இருக்கும்போதே மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மச்சாளின் வீட்டுக்கு அடித்தேன். வீடு நிறையச் சனம், புதுச் சம்பந்திமாரும் வந்திருக்கிறார்கள், புட்டு அவிகிறது என்றா. வாழ்த்தெல்லாம் சொன்னேன்.

"மச்சாள், இவரைக் கூப்பிடுங்கோ. கார்ட் விஷயம் ஒண்டு. ஸ்பீக்கரில போடுங்கோ, நீங்களும் கேக்கிறது நல்லது, உங்களுக்குத்தானே இதெல்லாம் தெரியும்."

அவவுக்குப் பெருமை. உடனே போட்டா. பின்னால் கோப்பைகள் தட்டுப்படுகிற சத்தம் கேட்டது. அவர் வந்து "என்னப்பா?" என்றார்.

"நிண்டுகொண்டு கதைக்கிறியளோ, இருந்துகொண்டோ?"

"ஏன்?"

"எழும்பி நில்லுங்கோ. மருந்துக்கடை. என்ன வாங்கினனீங்கள்?"

அவருக்கு விளங்கியது. விளங்கிய அந்த நொடி எனக்குக் காதில் கேட்டது. மகள் கரண்டியைக் கிண்ணத்துக்குள் வைத்துவிட்டாள்.

"சவரம் எடுக்கிற பிளேட்" என்றார் மெதுவாக. "பெட்டி வரேல்லை, விமானத்தில விட்டிட்டாங்கள் எண்டு சொன்னனான்தானே."

அது எனக்குத் தெரியும். பெட்டி வந்து சேரவில்லை, மாற்ற உடுப்பில்லை என்று அவர் வெள்ளிக்கிழமையே குறுஞ்செய்தி போட்டிருந்தார். நான் அதைப் பார்த்தபடிதான் கேட்டேன்.

"இனி வாங்கமாட்டன் எண்டு சொல்லுங்கோ."

"இஞ்சாரும், இஞ்ச ஆக்கள் இருக்கினம்."

"இருக்கட்டும். சொல்லுங்கோ."

"இந்தக் கார்ட் எனக்கு வேண்டாம்" என்றார். "வந்தவுடனே திருப்பித் தாறன். நாளைக்கே தாறன்."

"தாங்கோ. உங்கடை பேர்தான் விழும். மச்சாள், நான் சொல்லுறது சரிதானே?"

மச்சாள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "ஓம் தம்பி, அவள் சொல்லுறது சரி" என்றா, சம்பந்திமாருக்கும் கேட்கும்படி, அலுவலகக் குரலில். "இப்ப விட்டியெண்டால் ஏறினதெல்லாம் போயிடும். அவள் சொல்லுறபடி செய்."

மகள் என் கையைப் பிடித்தாள். "போதும், அம்மா" என்றாள் டெனிஷில். நான் கையை மெல்ல விடுவித்துக்கொண்டேன். எனக்கு இனித்தது. பொய் சொல்லமாட்டேன், அந்தப் பாயாசத்தைவிட இனித்தது.

"இனி வாங்கமாட்டன்" என்றார் அவர்.

அடுத்த வரிக்குப் போனேன். அது ஓர் ஆண்கள் உடுப்புக் கடை. தொகை சின்னது, உள்ளுடுப்பாகத்தான் இருக்கவேண்டும். நிறுத்தி நிதானமாகக் கடையின் பெயரை வாசித்தேன்.

"என்ன நிறம்?" என்று கேட்டேன்.